கைராசி

கரி இழைப் பட்டறை நடத்தும் கரிக்காரர் வந்தபோது அத்தை மேசை விசிறியைக் கழற்றிப் போட்டு அதன் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தை ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, என் பட்டறையில ஒரே இழை காலையில இரும்பா இருக்கு, சாயங்காலம் துரும்பா இருக்கு. எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்போல."

"முதல்ல உட்காருங்க. பைத்தியம் எங்கயும் ஓடிப்போகாது" என்றார் அத்தை.

அத்தை காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்தார்களா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை விடவில்லை. வீட்டில் எது புகைந்தாலும் இங்கே வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை அவருடைய ஒரே மகளைக் கட்டியவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மாமியாரோடு துப்பறியக் கிளம்பிவிடுவார். மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். மருமகனைப் பற்றி அப்படிப் பழமொழி எதுவும் இல்லாததால் அவர் இன்னும் நம்பிக்கையை விடவில்லை.

கரிக்காரர் பையிலிருந்து ஒரு நூல் உருளையை எடுத்து மேசைமேல் வைத்தார். கன்னங்கரேலென்று, பட்டுபோலப் பளபளத்தது.

"கச்சா எண்ணெயைச் சுத்தம் பண்ணி எல்லாத்தையும் எடுத்த பிறகு அடியில கட்டியா ஒரு தார் மிஞ்சும். அதை உருக்கி இழுத்து, சுட்டுக் கரியாக்கினா இந்த இழை. செயற்கைக் கால் பண்றவர் ஒருத்தர் கேட்டிருக்கார். பாதம் வில்லு மாதிரி வளைஞ்சு நிமிரணுமாம். பலம் மூணுக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லிட்டார்."

"மூணு என்ன?" என்றார் மாப்பிள்ளை.

"அதுக்கு வாயில நுழையாத ஒரு அளவு இருக்கு தம்பி. மூணுன்னா பிரமாதம், ரெண்டுன்னா சுமார். இப்போதைக்கு அது போதும். எங்கிட்ட இழையை இழுத்துச் சோதிக்க ரெண்டு பேர். காலையில ஒரு பழைய ஆள். அவர் சோதிச்சா மூணு வருது. மத்தியானத்துக்கு மேல ஒரு பொண்ணு. சேந்து மூணு மாசம்தான் ஆகுது. அவ சோதிச்சா ரெண்டைத் தாண்ட மாட்டேங்குது. அதே உருளை, அதே மெஷின்!"

"வேளை மாறினா சூடு, ஈரம் மாறும். ரெண்டு பேரையும் வேளை மாத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எண் வேளையோட நிக்கல, ஆளோட போச்சு. சரி, உருளையை மாத்தறாளோன்னு அலமாரியில பூட்டிச் சாவியை இடுப்புல வச்சுக்கிட்டேன். என் கண் முன்னாலயே ஒரு கத்தையை வெட்டி ஆளுக்குப் பாதி குடுத்தேன். அப்பவும் அவருக்கு மூணு, இவளுக்கு ரெண்டு." கரிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவ புருஷன் லாரி ஓட்டறவர். எங்களுக்குப் போட்டியா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டறைக்கும் ஓட்டறார். நகத்தால கீறியோ எதையாவது தடவியோ அவ இழையைக் கெடுக்கிறான்னு நினைக்கிறேன். மூணுன்னு பாதக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், நாளைக்குச் சாயங்காலம் முடிவா பதில் சொல்லணும். அதுக்கு முன்னால அவளை அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"அனுப்பினா அவங்களுக்கு என்ன ஆகும்?"

கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்தத் தொழில்ல மொத்தமே நாலஞ்சு பட்டறை. சரக்கைக் கெடுத்தவன்னு ஒருத்தி மேல பேர் விழுந்துட்டா அப்புறம் யாரும் உள்ள விடமாட்டாங்க. வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க வேற. பழி பாவத்துக்குப் பயந்துதான் அம்மா உங்ககிட்ட வந்தேன்."

அத்தை விசிறியின் கடைசி இறக்கையையும் துடைத்து வைத்தார். "மாப்பிள்ளை, வண்டிச் சாவியை எடுங்க."

பட்டறைக்குள் நுழைந்ததும் தார் வாடை மூக்கைத் துளைத்தது. ஒரு மூலையில் அந்தக் கட்டித்தார் நிலக்கரிபோலக் குவிந்து கிடந்தது. அதை உருக்கி, ஊசிமுனையைவிடச் சிறிய துளைகள் வழியாகத் தள்ளினார்கள். கீழே சுழன்ற உருளை இழையை இழுத்துச் சுற்றிக்கொண்டது.

"இந்தச் சுடாத பச்சை இழை இருக்கே, தும்மினா உடைஞ்சிடும்" என்றார் கரிக்காரர். "நேரா சுட்டா உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனால முதல்ல காத்துல வச்சு மிதமா சூடு காட்டுவோம். அப்புறம் காத்தே இல்லாத உலையில வச்சுச் சுடுவோம். காத்து இருந்தா எரிஞ்சு சாம்பலாயிடும். இல்லைன்னா கரியாகி நிக்கும்."

சாம்பலுக்கும் கரிக்கும் உள்ள வித்தியாசத்தை அத்தைக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் அவர் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினார். மாப்பிள்ளை இழையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

"தொட்டுட்டுக் கண்ணைக் கசக்கிடாதீங்க தம்பி. துணுக்கு தோல்ல ஏறினா கண்ணுக்கே தெரியாது, ஆனா முள்ளு மாதிரி அரிக்கும்."

மாப்பிள்ளை நீட்டிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சோதனை அறை சின்னது. வாசலில் ஓர் அறிவிப்பு: உள்ளே வேலை பார்க்கிறவர்கள் கயிறு கட்டிய காலணிதான் அணிய வேண்டும். அறைக்குள் இரண்டு மேசைகள், ஒரு நுண்ணோக்கி, சுவரோரம் இழுக்கும் இயந்திரம். காலை வேளைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர், காதோரம் நரை, அமைதியான முகம்.

"இவர்தான் எங்க கைராசி" என்றார் கரிக்காரர் பெருமையோடு. "பேரே அதுதான் ஆயிடுச்சு. இவர் கை பட்டா எண் ஏறும்."

கைராசி கூச்சத்தோடு சிரித்து, மார்பைச் சொறிந்துகொண்டார். பேசும்போதும் அவர் கை அடிக்கடி சட்டைப் பை இருக்கும் இடத்துக்கே போய்ச் சொறிந்துவிட்டு வந்தது. வேர்க்குரு போலிருக்கிறது, நம் கம்பெனிப் பவுடர் ஒன்று கொடுக்கலாமே என்று மாப்பிள்ளை நினைத்தார்.

சோதிக்கும் முறையைக் கரிக்காரரே விளக்கினார். தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய அட்டை. அதன் நடுவில் வெட்டிய ஒரு ஜன்னல். கத்தையிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து ஜன்னலின் குறுக்கே கிடத்தி, இரு முனையிலும் ஒரு சொட்டுப் பசை. காய்ந்ததும் அதன் தடிமனை நுண்ணோக்கியில் அளந்துவிட்டு, அட்டையின் மேலும் கீழும் இயந்திரத்தின் வாயில் கவ்வக் கொடுப்பார்கள். பிறகு அட்டையின் இரண்டு பக்கங்களையும் கத்தரியால் வெட்டிவிட்டால் இழை மட்டும்தான் தாங்கி நிற்கும். அது அறுகிறவரை இழுத்தால் பலம் தெரியும்.

"அந்த ஒத்தை இழையைப் பிரிச்சு வைக்கிறதுலதான் உயிர் போகும்" என்றார் கரிக்காரர்.

"ஒரு நாளைக்கு எத்தனை எண் வரும்?"

"ஆளுக்கு இருபது. ரெண்டு பேருமே சரியா குடுத்துடுவாங்க."

இரண்டு மேசையிலும் ஆளுக்கோர் அட்டைப் பெட்டி இருந்தது. கைராசியின் பெட்டியில் அடித்தட்டு தெரிந்தது. அடுத்த மேசைப் பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"ரெண்டு பெட்டியும் எப்ப நிரப்பினது?"

"ரெண்டையும் திங்கக்கிழமை நான்தான் நிரப்பினேன். ஏம்மா?"

"சும்மா கேட்டேன்" என்றார் அத்தை.

மாப்பிள்ளை குப்பைக் கூடைகளை ஆராய்ந்தார். அவர் அறிந்தவரை துப்பறிகிறவர்கள் முதலில் பார்ப்பது குப்பைக் கூடையைத்தான். அந்தப் பெண்ணின் கூடையில் கிழிந்த அட்டைகளும் நாலைந்து கறுப்புத் துணுக்குகளும் கிடந்தன. கைராசியின் கூடையில் ஒரு தூசு இல்லை. மேசையும் கண்ணாடியாகத் துடைத்திருந்தது. சுத்தமான மனிதர் என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டார்.

உச்சி வேளைக்கு அந்தப் பெண் வந்தாள். கைராசி அவளைத் தங்கச்சி என்று கூப்பிட, பட்டறை முழுக்க அதுவே அவள் பெயராகிவிட்டிருந்தது. ஒல்லியான உடம்பு, நீளமான விரல்கள். வந்ததும் கூடத்துக்குப் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் டீ ஊற்றினாள். முதலாளிக்குத் தளும்பத் தளும்ப. அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் அப்படியே. கைராசிக்கு மட்டும் பாதி கிளாஸ். அவர் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடித்தார். அவருடைய காலணியில் கயிறு இறுக முடிச்சுப் போட்டிருந்தது; பின்பக்கத் தோல் மட்டும் மடங்கித் தேய்ந்து, செருப்புபோல நசுங்கிக் கிடந்தது.

அவர் உடை மாற்றிக்கொள்ளப் போனதும், அத்தை தங்கச்சியைச் சோதனை அறையில் உட்காரவைத்து ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"உங்க மேல சந்தேகம் இருக்கும்மா. இழையை நீங்க கெடுக்கிறீங்கன்னு."

அவள் முகம் வெளிறிப்போனது. கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அழவில்லை. "நான் எதுவும் பண்ணலைங்க. எடுக்கறேன், ஒட்டறேன், இழுக்கறேன். வர்றதை எழுதறேன். அவர் லாரி எங்கெல்லாம் போகுதுன்னு எனக்குத் தெரியாது. சரக்கு இருக்கிற இடத்துக்குப் போவார். இந்த வேலை போச்சுன்னா..."

"இழையைப் பிரிக்கும்போது உடையாதா?"

"எப்பவாவது ஒண்ணு ரெண்டு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுப்பேன். உடைஞ்சா மனசு கேக்காது."

"கைராசி அண்ணன் எப்படிப் பிரிப்பார்?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அவர் நல்ல மனுஷன்ங்க. எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவர்தான். என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. அவரைப் பத்தி எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

அத்தை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து கரிக்காரரிடம் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். "கைராசிக்கு எப்பவுமே மூணுதான் வருமா?"

"இல்லைம்மா, போன வருஷம் வரைக்கும் அவருக்கும் ரெண்டுதான். அப்புறம் மாசத்துக்கு மாசம் ஏறிச்சு."

"உலையில ஏதாவது மாத்தினீங்களா? தார் வாங்கற இடம்?"

"அதானே அதிசயம்! ஒரு திருகைக்கூடத் திருப்பல. அப்புறம் அதைக் கைராசின்னு சொல்லாம என்ன சொல்றது?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மாப்பிள்ளைக்கு வாய் ஓயவில்லை.

"அத்தை, கேஸ் முடிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணுதான். கவனிச்சீங்களா, எல்லாருக்கும் முழு டீ, அவருக்கு மட்டும் பாதி! வேலை வாங்கிக் குடுத்தவருக்கே ஓரவஞ்சனை. உள்ளுக்குள்ள பகை. அவர் பேரை எடுத்ததும் எப்படிப் பதறினா பாருங்க. இவ எண் குறைஞ்சா அவர் எண் பொய்யின்னு ஆகும், அவர் பேர் கெடும். அதான் திட்டம். கூடையில துணுக்கு வேற கிடக்கு. அவர் இடத்தைப் பாருங்க, துடைச்சு வச்ச மாதிரி!"

"நான் எரிஞ்ச கடை எத்தனையோ பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. எரிஞ்ச இடத்துல சாம்பல் இருந்தா பயப்பட மாட்டேன். சாம்பலே இல்லைன்னாதான் நின்னு பார்ப்பேன்."

இது தன்னைப் பாராட்டியதா, மட்டம் தட்டியதா என்று மாப்பிள்ளைக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கு உங்க கை எனக்கு வேணும்" என்றார் அத்தை.

"எதுக்கு? அந்தப் பொண்ணு தப்பிச்சு ஓடினா பிடிக்கவா?"

"இல்ல. இழை பிரிக்க."

மாப்பிள்ளை திகைத்தார். அவர் கை எப்படிப்பட்டது என்பது குடும்பத்துக்கே தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே வாரத்தில் நான்கு கண்ணாடி டம்ளர்களை உடைத்து, அதோடு பாத்திரம் கழுவுவதிலிருந்து நிரந்தர விடுதலை பெற்றவர் அவர். மனைவி அதைத் திட்டமிட்ட சதி என்று இன்றுவரை சொல்லிவருகிறாள்.

மறுநாள் உச்சி வேளையில் சோதனை அறையில் எல்லாரும் கூடினார்கள். கரிக்காரர் பூட்டைத் திறந்து ஒரு கத்தையைத் தன் கையாலேயே வெட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி தங்கச்சிக்கு, மறு பாதி மாப்பிள்ளைக்கு. ஆளுக்கு ஐந்து இழைகள் ஒட்ட வேண்டும். அத்தை இருவர் முன்னும் ஆளுக்கொரு வெள்ளைத்தாளை விரித்தார்.

"உடைஞ்சது எல்லாம் இந்தத் தாள்ல வரணும். ஒண்ணுகூட கீழ போகக் கூடாது."

நாற்காலியை இழுத்துப்போட்ட கைராசி, "என்னம்மா இதெல்லாம்?" என்றார் குழப்பத்தோடு. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

தங்கச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழையை எடுத்தாள். அது வந்து ஜன்னலில் படுத்துக்கொண்டது. அடுத்தது, அதற்கடுத்தது. மாப்பிள்ளை இடுக்கியைப் பிடித்த விதத்தைப் பார்த்தாலே பாவமாக இருந்தது. முதல் இழை பிரிக்கும்போதே முறிந்தது. இரண்டாவது ஜன்னல்வரை வந்து முறிந்தது. மூன்றாவதைக் காணவே காணோம்; பிறகு அவர் மூக்கின்மேல் இருந்தது. வியர்த்துக் கொட்டியது. தங்கச்சி முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்த பிறகும் அவர் வெகுநேரம் போராடி, ஒருவழியாக ஐந்தை ஒட்டினார். இயந்திரத்தில் மாட்டி ஓரத்தை வெட்டும்போது அதிலும் இரண்டு போய்விட்டன. மறுபடி உட்கார்ந்து ஒட்டினார். அவர் தாளில் கறுப்பாக ஒரு சின்னக் குவியல். தங்கச்சியின் தாளில் ஒரே ஒரு துணுக்கு.

கரிக்காரரே இயந்திரத்தை ஓட்டினார். தங்கச்சியின் ஐந்துக்கும் சராசரி இரண்டு. அவர் பெருமூச்சு விட்டார். பிறகு மாப்பிள்ளையின் ஐந்தை ஒவ்வொன்றாக இழுத்தார். இழுக்க இழுக்க அவர் முகம் மாறியது. கணக்கை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார்.

"மூணே கால்!" என்றார். "தம்பி, உங்க கையிலயும் ராசியா?"

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "ஏதோ... முதல் தடவைங்கிறதால கொஞ்சம் நேரம் ஆயிடுச்சு" என்றார் அடக்கத்தோடு.

"இழையைத் தொட்டே பழக்கமில்லாதவர், எங்க வீட்டுல டம்ளரைக்கூட நம்பிக் குடுக்க முடியாத மனுஷன்" என்றார் அத்தை. மாப்பிள்ளையின் கை காலரிலிருந்து இறங்கியது. "இவர் எண் எல்லாரையும்விட மேல. அது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு வாத்தியார் இருக்கார். பரீட்சைக்கு முந்தின நாள், படிக்காத பிள்ளைங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடறார். மறுநாள் வகுப்பே நூத்துக்குத் தொண்ணூறு. அவர் நல்லா சொல்லிக் குடுத்தார்னு அர்த்தமா?"

அத்தை மாப்பிள்ளையின் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு கத்தையில எல்லா இழையும் ஒரே பலமா இருக்காது. சுடும்போதே சிலதுல கீறல், சிலதுல ஓட்டை. முரட்டுக் கை பட்டா நோஞ்சான் இழையெல்லாம் மேசையிலயே செத்துப்போகும். தப்பிச்சு மெஷின்வரைக்கும் வர்றது நல்ல இழை மட்டும்தான். அதை இழுத்தா மூணு வராம என்ன செய்யும்? இந்தப் பொண்ணு கைக்கு நோஞ்சானும் உடையாம வருது. பலசாலி, நோஞ்சான் எல்லாம் சேத்து இழுத்தா ரெண்டு. அவ இழையைக் கெடுக்கல. உங்க இழை உண்மையில எப்படி இருக்கோ அதைக் கெடுக்காம காட்டியிருக்கா."

கரிக்காரர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கைராசியின் பக்கம் திரும்பினார். "அப்போ இவர்? இவர் கை பழகின கையாச்சே. போன வருஷம் வரைக்கும் இவருக்கும் ரெண்டுதானே வந்துது?"

"அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். இந்தப் பொண்ணு குத்தவாளியான்னு கேட்டீங்க, இல்லைன்னு காட்டிட்டேன். என் வேலை அதோட சரி."

"குத்தவாளியா? தங்கச்சியா?" கைராசி எழுந்தே விட்டார். "யார் சொன்னது? எனக்கு யாரும் சொல்லலையே!"

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை வெளியே எடுத்தார். பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. விரல்கள் காற்றில் இலை ஆடுவதுபோல ஆடின. தங்கச்சி எழுந்து போய் அதை வாங்கிப் பிரித்து மேசைமேல் வைத்தாள். உள்ளே கறுப்பு இழைத் துணுக்குகள். மாப்பிள்ளையின் குவியலைவிடப் பெரியது.

"இது இன்னைக்குக் காலையில மட்டும் முதலாளி. அட்டையெல்லாம் சாப்பாட்டுப் பைக்குள்ள இருக்கு. போன வருஷத்துலேர்ந்து இந்தக் கை என் பேச்சைக் கேக்கறதில்ல. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களோன்னு பயந்து உடைஞ்சதை மறைச்சேன். ஆனா எண்ணை மறைக்கல, சத்தியமா. மெஷின் காட்டினதைத்தான் எழுதினேன்." அவர் அந்தத் துணுக்குகளைப் பார்த்தார். "எண் ஏற ஏற, நம்ம கை போனாலும் இழை தேறிடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன். என் கை போனதுதான் அந்த ஏத்தம்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

நேற்று கைராசிக்கு வேர்க்குருப் பவுடர் கொடுக்க நினைத்தது ஞாபகம் வந்து மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது.

கரிக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மூணுன்னு நம்பி அந்த மனுஷன் பாதம் பண்ணியிருந்தா... யாரோ ஒரு பிள்ளை அதைப் போட்டுக்கிட்டு ஓடியிருந்தா..." முடிக்காமலே கைப்பேசியை எடுத்தார். பாதக்காரரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். "ஐயா, நான் மூணுன்னு சொன்னது தப்பு. என் இழை ரெண்டுதான்." அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள். கரிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு வைத்தார்.

"தடிமனைக் கூட்டினா சரிவருமான்னு கணக்குப் போட்டுப் பார்க்கறாராம். மூணுன்னு வாங்கி முறியறதுக்கு ரெண்டுன்னு தெரிஞ்சு வாங்கறது தேவலைங்கறார். கிடைச்சா கிடைக்கட்டும்."

"இவரை என்ன பண்ணப்போறீங்க?" என்றார் அத்தை.

கரிக்காரர் கைராசியைப் பார்த்தார்.

"கைதானே நடுங்குது, கண்ணு நடுங்கலையே?" என்றார் அத்தை. "இழையை அந்தப் பொண்ணு பிரிக்கட்டும். நுண்ணோக்கியில அளக்கிறதை இவர் பார்க்கட்டும். அட்டைச் செலவும் மிச்சம்."

"நரம்பு டாக்டர் ஒருத்தரை எனக்கு நல்லாத் தெரியும்" என்று மாப்பிள்ளை அவசரமாகச் சொன்னார். "வாரா வாரம் போய் உட்கார்ந்திருக்கேன். நாளைக்கே நானே கூட்டிட்டுப் போறேன் அண்ணே. சிலதுக்கு மாத்திரையிலயே குணம் தெரியும்."

அந்த வழக்கில் அவர் சொன்னதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மெச்சுதல் மாதிரி ஏதோ இருந்தது.

எல்லாரும் கூடத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை அத்தையின் காதருகே குனிந்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எண் ரெண்டு பேருக்கும் இருபது. ஆனா அவர் அட்டை மட்டும் வேகமா கரையுது. அத்தனை அட்டை போயும் கூடையில ஒரு துணுக்கு இல்லை. அப்போ துணுக்கு எங்க போகும்? அவர் எந்த இடத்தைச் சொறியறாரோ அங்க. காலணிக் கயித்தை அவிழ்த்துக் கட்ட விரல் ஒத்துழைக்கல. ஒரு தடவை முடிச்சுப் போட்டு, தினமும் பின்னால மிதிச்சே நுழைச்சிருக்கார்."

"அப்போ அந்தப் பாதி டீ?"

"அதைத்தான் நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே, பகைன்னு."

மாப்பிள்ளை டீ கிளாஸ்களை எடுத்து வைக்கப் போனார்.

கரிக்காரர் தங்கச்சியின் கையிலிருந்து பிளாஸ்கை வாங்கினார். "இன்னைக்கு நான் ஊத்தறேன்மா." முதல் கிளாஸை நிறைத்து அவளிடம் நீட்டினார். "உன்னைத் தப்பா நினைச்சிட்டேன் தங்கச்சி. வயசுல பெரியவன் கேக்கறேன், மன்னிச்சிடு." அவள் வாங்கிக்கொண்டாள். நேற்று அடக்கிவைத்த கண்ணீர் அப்போதுதான் இறங்கியது.

அடுத்த கிளாஸைத் தளும்பத் தளும்ப நிறைத்துக் கைராசியிடம் கொண்டுபோனார். கைராசி கையை நீட்டவில்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதலாளி," என்றாள் தங்கச்சி மெதுவாக, "அண்ணனுக்குப் பாதி போதும்."

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. இவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. நேற்று பக்கத்துச் சோதனை அறையில், வேலை போகும் என்ற நிலையில் உட்கார்ந்திருந்தபோது, கைராசிக்குக் கை நடுங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அதை அவள் சொல்லவில்லை. அந்தப் பாதி டீயைத்தான் மாப்பிள்ளை பகை என்று சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்.

கரிக்காரர் ஒன்றும் கேட்காமல் கிளாஸிலிருந்து பாதியைத் தன் கிளாஸில் சாய்த்துக்கொண்டு மிச்சத்தை நீட்டினார். கைராசி இந்தமுறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எல்லாருக்கும் நடுவே நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.